ஜெர்மனி வர்றவங்க கவனத்துக்கு: மொபைல் கடையில டிஜிட்டல் பேட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

அக்டோபர் செமஸ்டருக்கு ஜெர்மனி கிளம்புற தம்பி தங்கச்சிங்க எல்லாரும் இதை ஃபுல்லா படிச்சிட்டு ஃப்ளைட் ஏறுங்க. வந்து எறங்கினதும் மொத வேலையா சிம் வாங்கணும்னு தோணும், தோணத்தான் செய்யும், வீட்டுக்கு வீடியோ கால் போடணும், ரூம் ஓனரைப் பிடிக்கணும், பேங்க்ல நம்பர் கேப்பாங்க. அந்த அவசரத்தை வச்சுத்தான் இந்த மொபைல் கடைக்காரங்க பொழப்பே ஓடுது. எனக்கு நடந்ததைச் சொல்றேன். கடை பேரு, கம்பெனி பேரு, ஊரு பேரு எதுவும் போடல, ஏன்னா ஒரு கடைல மட்டும் நடக்கற சமாச்சாரம் இல்ல இது, பேரு போட்டா அந்தக் கடையை மட்டும் விட்டுட்டு அடுத்த கடைல போய் மாட்டுவீங்க.

சாக்சனி மாநிலத்துல ஒரு யுனிவர்சிட்டி ஊரு. ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரத்துல கடை, பளபளன்னு இருக்கும். உள்ள இருந்தவரு அருமையா இங்கிலீஷ் பேசினாரு, அந்த ஊர்ல அதுவே பெரிய விஷயம், ரெண்டு நாளா யார்கிட்டயும் சரியா பேச முடியாம இருக்கறப்போ ஒருத்தர் சிரிச்ச முகமா எந்த ஊரு என்ன படிப்புன்னு விசாரிச்சா நமக்கு மனசு இளகிடும்ல. நான் கேட்டது ஒரு பிரீபெய்டு சிம், அவ்ளோதான். அதுக்கு அவரு சொன்ன பதிலைத்தான் நீங்க நல்லா கவனிக்கணும், இதே வசனத்தை வேற ஊர்ல இருக்கிற என் ஃப்ரெண்ட்ஸும் கேட்டிருக்காங்க.

மொதல்ல, பிரீபெய்டு நம்பரை பேங்க்லயும் விசா ஆபீஸ்லயும் ஒத்துக்க மாட்டாங்கன்னாரு. சுத்தப் பொய். நம்பரைப் பாத்தா அது பிரீபெய்டா போஸ்ட்பெய்டான்னு யாருக்கும் தெரியப் போறதில்ல, என் கூடப் படிக்கிறவங்க பாதிப் பேரு சூப்பர்மார்க்கெட் சிம்தான் வச்சிருக்காங்க. அப்புறம், ஐரோப்பா முழுக்க ரோமிங் ஃப்ரீங்கறது அவரு விக்கற போஸ்ட்பெய்டு காண்ட்ராக்ட்ல மட்டும்தான்னாரு. அது இவங்க குடுக்கற சலுகையே இல்லங்க, ஐரோப்பிய ஒன்றியத்தோட சட்டம், 2017 ஜூன் 15ல இருந்து நடைமுறையில இருக்கு, 2032 வரைக்கும் நீட்டிச்சும் வச்சிருக்காங்க, பிரீபெய்டுக்கும் அதேதான். (சுவிட்சர்லாந்து அந்தச் சட்டத்துக்குள்ள வராது, கான்ஸ்டன்ஸ், பாசல் பக்கம் ஊர் சுத்தப் போறவங்க டேட்டாவை ஆஃப் பண்ணிட்டுப் போங்க.) மூணாவதா, காண்ட்ராக்ட் எடுத்தா ஷூஃபா ஸ்கோர் ஏறும், வீடு சுலபமா கிடைக்கும்னாரு. ஷூஃபான்னா நம்ம ஊரு சிபில் மாதிரி, கடனை ஒழுங்கா கட்றோமான்னு பாக்கற ஸ்கோர். ஃபோன் பில்லை ஒழுங்கா கட்றவன்னு சொல்லி எந்த ஓனரும் எனக்கு வீடு குடுக்கல, ஆனா கட்டாம விட்டா என்ன ஆகும்னு பின்னாடி சொல்றேன்.

இது எல்லாத்தையும் விட மோசம், "எந்த மாசம் வேணும்னாலும் கேன்சல் பண்ணிக்கலாம், புதுச் சட்டம் வந்திருக்கு"ன்னு சொன்னது. இதுல பாதி உண்மை, அதனாலதான் இவ்ளோ ஆபத்து. 2021 டிசம்பர் 1ல இருந்து ஒரு சட்டம் இருக்கறது நெசம்தான், ஆனா அது என்ன சொல்லுதுன்னா, மொதல்ல நீங்க ஒத்துக்கிட்ட காலம், அது 24 மாசம் வரைக்கும் இருக்கலாம், அது முடிஞ்சதுக்கு அப்புறம்தான் ஒரு மாச நோட்டீஸ்ல எப்ப வேணா வெளிய வரலாம். முன்னாடி எல்லாம் நோட்டீஸ் குடுக்க மறந்தா தானா இன்னொரு வருஷம் நீண்டுடும், அதைத்தான் நிறுத்தினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற உரிமையை இன்னைக்கே இருக்கற மாதிரி சொல்லிட்டாரு மனுஷன். அதே சட்டத்துல இன்னொன்னும் இருக்கு, 12 மாசத்துக்கு மேல போகாத காண்ட்ராக்ட் ஒண்ணையும் வாடிக்கையாளருக்குக் காட்டியே ஆகணும். அதைப் பத்தி வாயே தொறக்கல.

இதை எல்லாம் நம்பி ஃபோனோட சேத்து 24 மாச காண்ட்ராக்ட்டுக்கு நானும் தலையாட்டிட்டேன். அப்புறம் கையெழுத்து. பேப்பர்ல இல்ல, கைக்கடக்கமா ஒரு சின்ன பேட், அதுல பேனா மாதிரி ஒரு குச்சி. ஸ்கிரீன் அவரு பக்கம் திரும்பி இருக்கு, என் பக்கம் வெறும் கோடு மட்டும். இங்க ஒண்ணு, டேட்டா பாதுகாப்புக்கு ஒண்ணு, என் பேங்க் கணக்குல இருந்து மாசா மாசம் பணம் எடுக்க ஒண்ணுன்னு வரிசையா வாங்கினாரு. எல்லா டாக்குமெண்ட்டும் மெயில்ல வரும்னாரு, வரல. ஏன் வரலன்னு பின்னாடி பாத்தா என் மெயில் ஐடியில ஒரு எழுத்தைக் காணோம். கை தவறி விட்டாரா வேணும்னே விட்டாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, எனக்கு என்னமோ சந்தேகம்தான்.

கணக்கைப் பாருங்க. ஃபோன் 1 யூரோதான்னு குடுத்தாரு, மாசம் 19.99 யூரோன்னு சொன்னாரு, அது மொத 6 மாசத்துக்கு மட்டும், அப்புறம் 44.99. கனெக்‌ஷன் சார்ஜ் 39.99. ரெண்டு வருஷத்துக்கு இதுவே 970 யூரோ பக்கம் வருது. அதே ஃபோனை வெளிக்கடைல 350க்கு வாங்கிட்டு, 4 வாரத்துக்கு 10 யூரோ பிரீபெய்டு போட்டிருந்தா, 4 வாரம்னா ரெண்டு வருஷத்துல 26 ரீசார்ஜ், எல்லாம் சேத்து 610ல முடிஞ்சிருக்கும். இது போக ஆடித் தள்ளுபடில ஒண்ணு வாங்கினா ஒண்ணு குடுக்கற மாதிரி இன்னொரு சிம்மையும் கைல வச்சு, கிஃப்ட்டுன்னாரு. அந்த கிஃப்ட்டு மூணு மாசத்துக்கு அப்புறம் மாசம் 14.99. அதுக்கும் தனியா 24 மாச காண்ட்ராக்ட். இன்னும் முடியல, ஃபோனுக்கு இன்சூரன்ஸ் வேற, மொத மாசம் ஃப்ரீ, அப்புறம் 8.99, நான் கேக்கவே இல்ல, அவரும் சொல்லவே இல்ல.

இந்த இன்சூரன்ஸ்லதான் விஷயமே வெளிய வந்துச்சு. அது வேற கம்பெனி, அதனால பேங்க் ஆப்ல தெரியாத பேர்ல 8.99 போயிருந்துச்சு. பிளாக்டு அக்கவுண்ட்ல (விசாவுக்காக முன்னாடியே பணம் போட்டு வச்சு, மாசா மாசம் ஒரு பங்கு மட்டும் எடுக்கற கணக்கு) இருந்து எனக்கு மாசம் 992 யூரோதான் வரும், அதுல வாடகை, ஹெல்த் இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் ஓட்டணும், ஒவ்வொரு யூரோவையும் பாக்கறவங்களுக்கு இது கண்ல படாம போகாது. கடைக்குப் போனா அதே ஆளு, ஆனா அந்தச் சிரிப்பு இல்ல, ஹாட்லைனுக்குப் பேசுங்கன்னாரு. ஹாட்லைன்ல கடைல போய்க் கேளுங்கன்னாங்க. இங்கிலீஷ்ல பேசறேன்னு சொன்னதும் லைன் கட்டான கதையும் உண்டு.

சரி 14 நாள்ல வாபஸ் வாங்கலாமேன்னு நீங்க நினைப்பீங்க, சீனியர்ஸும் அப்படித்தான் சொன்னாங்க. இங்கதான் நம்மாளுங்க எல்லாரும் ஏமாறுறது. அந்த 14 நாள் உரிமை ஆன்லைன்ல, ஃபோன்ல, இல்ல வீட்டு வாசல்ல வந்து வித்த காண்ட்ராக்ட்டுக்குத்தான். கடைக்கு உங்க கால்ல நடந்து போய் கையெழுத்து போட்டா கிடையாது. கடையா பாத்துக் குடுத்தா உண்டு, சட்டப்படி உரிமை இல்ல. நம்ம ஊர்ல ஆன்லைன்ல வாங்கினா பயம், நேர்ல கடைல வாங்கினா தைரியம், ஏதாவதுன்னா போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்னு ஒரு நினைப்பு. மொபைல் காண்ட்ராக்ட் விஷயத்துல இங்க அப்படியே தலைகீழ். வீட்ல உக்காந்து கம்பெனி சைட்ல போட்டீங்கன்னா ரெண்டு வாரம் உங்களுக்குத் தப்பிக்க வழி இருக்கு, கடைல போட்டா அந்த நிமிஷமே முடிஞ்சது.

என் ரூம்மேட், கும்பகோணத்துப் பையன், அவனுக்கும் இதே கதைதான், ஆனா அவன் வேற ரூட்ல போனான். கம்பெனி நம்ம பேங்க் கணக்குல இருந்து தானா எடுத்த பணத்தை 8 வாரத்துக்குள்ள காரணம் சொல்லாமலே திருப்பி வாங்கலாம், அது உண்மை, ஆப்ல ஒரு பட்டன் தட்டினா போதும். யாரோ ஒரு அண்ணன் "ரிட்டர்ன் போட்டுட்டு கண்டுக்காம விட்ருடா, அவங்களே கட் பண்ணிடுவாங்க"ன்னு சொல்ல, இவனும் மாசா மாசம் ரிட்டர்ன் போட்டான். பணம் திரும்பி வந்தாலும் கடன் அப்படியேதான் நிக்கும்னு அந்த அண்ணன் சொல்லல. ரிட்டர்னுக்கு ஒரு சார்ஜ், பாக்கியைக் கட்டுன்னு மானுங்னு ஒரு லெட்டர், அதுக்கு ஒரு சார்ஜ், கடைசில இன்காசோன்னு வசூல் கம்பெனி. இதுக்குள்ள இவன் ரூம் மாறிட்டான், லெட்டர் எல்லாம் பழைய அட்ரஸுக்குப் போயிட்டு இருந்துச்சு. கம்பெனி காண்ட்ராக்ட்டைக் கட் பண்ணுச்சு, பண்ணிட்டு மிச்ச மாசத்துக்கும் சேத்து நஷ்ட ஈடு கேட்டுச்சு. ஷூஃபால ஏறிடுச்சு. பெர்லின்ல வேலை கெடச்சு வீடு தேடறப்போதான் தெரிஞ்சுது, எல்லா ஓனரும் அந்த ஷூஃபா பேப்பரைத்தான் மொதல்ல கேக்கறாங்க.

நான் போனது ஃபெர்பிரௌகர்சென்ட்ராலேன்னு நுகர்வோர் ஆலோசனை மையம், ஒவ்வொரு மாநிலத்துலயும் இருக்கு. ஆலோசனைக்கு கொஞ்சம் காசு வாங்குவாங்க, வக்கீலோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. ஜெர்மன் நல்லா தெரிஞ்ச ஒரு அக்காவைக் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த மேடம் பேப்பரைப் பாத்ததும் மொதல்ல கேட்டது காண்ட்ராக்ட் சுருக்கம் எங்கன்னுதான். வேலிடிட்டி, விலை, எத்தனை மாசம், எப்படி முடிக்கறது எல்லாம் ஒரே தாள்ல எழுதி, கையெழுத்துக்கு முன்னாடியே உங்க கைல குடுத்திருக்கணும், இதுவும் அந்த 2021 சட்டம்தான். கம்பெனிக்கு அதைக் காட்டி லெட்டர் போட்டோம். பதில் வந்துச்சு பாருங்க, "சுருக்கம் கிடைச்சதுன்னு நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க"ன்னு. பேட்ல போட்ட கையெழுத்துல ஒண்ணு அதுக்காம்!

இன்சூரன்ஸ் மட்டும் முழுசா கேன்சல் ஆச்சு, ஏன்னா இன்சூரன்ஸுக்கு சட்டம் வேற, கடைல எடுத்தாலும் 14 நாள் உண்டு, அந்த 14 நாளும் பாலிசி பேப்பர் உங்க கைக்கு வந்த அப்புறம்தான் ஆரம்பிக்கும். தப்பான மெயில் ஐடிக்கு அனுப்பினா எப்படி கைக்கு வரும், அவங்க போட்ட கோட்டுலயே அவங்க மாட்டிக்கிட்டாங்க, எடுத்த காசும் திரும்பி வந்துச்சு. ரெண்டாவது சிம்மை நிறைய லெட்டருக்கு அப்புறம் "குலான்ஸ்"னு, அதாவது பெருந்தன்மையாம், கேன்சல் பண்ணாங்க. மெயின் காண்ட்ராக்ட் நிக்குது. இன்னமும் மாசம் 44.99 கட்டிட்டுத்தான் இருக்கேன், ஷூஃபால கை வைக்க எனக்குத் தைரியம் இல்ல.

ஏற்கனவே மாட்டினவங்க கண்ணை மூடிட்டு ரிட்டர்ன் போடாதீங்க. மொதல்ல எதை ஒத்துக்கல, ஏன் ஒத்துக்கலன்னு எழுத்துல அனுப்புங்க, ஐன்ஷ்ரைபென்னு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினா இன்னும் நல்லது. ஒத்துக்கற தொகையைக் கட்டிட்டு, சண்டைல இருக்கற தொகையை மட்டும் பிடிச்சு வைங்க. பாக்கி 100 யூரோ வராம அவங்க லைனைக் கட் பண்ண முடியாது, நீங்க காரணம் சொல்லி மறுத்த தொகை அந்த 100ல சேராது. டெலிகாம் கம்பெனிங்களைக் கண்காணிக்கற அரசு அமைப்பான ஃபெடரல் நெட்வொர்க் ஏஜென்சிகிட்ட சமரச மனு போடலாம், காசு கிடையாது, ஆனா கம்பெனி வரமாட்டேன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. ரூம் மாறினா கம்பெனிக்கு புது அட்ரஸ் சொல்லியே ஆகணும், லெட்டர் பாக்ஸ்ல உங்க பேரும் ஒட்டி இருக்கணும், பேரு இல்லாத பாக்ஸ்ல இங்க தபால்காரர் போடவே மாட்டாரு.

இன்னும் வராதவங்க, சூப்பர்மார்க்கெட்ல பிரீபெய்டு ஸ்டார்ட்டர் பாக்கெட் வாங்குங்க. 2017 ஜூலைல இருந்து பாஸ்போர்ட் மாதிரி ஒரு அடையாள ஆவணம் காட்டாம எந்த பிரீபெய்டு சிம்மும் ஆக்டிவேட் ஆகாது. அடையாளம் சரிபாக்கற வீடியோ கால்ல என் இந்தியன் பாஸ்போர்ட்டை ஏத்துக்கல, போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல போய்க் காட்டினதும் வேலை முடிஞ்சுது, உங்களுக்கும் வீடியோ சொதப்பினா நேரா அங்க போயிடுங்க. ஊரு சிம்மை தூக்கிப் போட்டுடாதீங்க, பேங்க் ஓடிபி எல்லாம் அதுலதான் வரும், கிளம்பறதுக்கு முன்னாடியே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் பண்ணி, டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் பண்ணி, வேலிடிட்டி முடியாம வீட்ல யாரையாவது ரீசார்ஜ் போடச் சொல்லுங்க.

காண்ட்ராக்ட்தான் வேணும்னா வீட்ல வந்து ஆன்லைன்ல போடுங்க. வெளிய வர்றதுக்கும் 2022 ஜூலைல இருந்து, சைட்ல காண்ட்ராக்ட் விக்கற கம்பெனி எல்லாம் கேன்சல் பட்டன் வச்சே ஆகணும், லாகின் கூட தேவை இல்ல. நான் என்னோடதுக்கு இப்பவே நோட்டீஸ் குடுத்து கன்ஃபர்மேஷன் மெயிலை பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், 24 மாசம் முடியற தேதி அதுல போட்டிருக்கு. இன்சூரன்ஸை கேன்சல் பண்ண நாங்க அனுப்பின ஜெர்மன் லெட்டர் என்கிட்ட இருக்கு, வேணுங்கறவங்க கேளுங்க, பேரு, அட்ரஸ், பாலிசி நம்பர் மூணையும் மட்டும் மாத்தினா போதும்.