கேரேஜில் மரத்தட்டு அடிக்கக் கொடுக்கிறீர்களா? துளை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்

கேரேஜ் சுவரில் மரத்தட்டு அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டவர் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார். பெயர் சொல்லப்போவதில்லை. எதை எப்படி மறைத்தார் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். இதே கைவரிசையைக் காட்டுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

பேசிய கணக்கு இது: 18 மி.மீ. பிளைவுட், 40 செ.மீ. ஆழம், மூன்று அடுக்கு, தட்டைத் தாங்க இரண்டடிக்கு ஓர் 'L' வடிவ இரும்பு ஆங்கிள். பெயிண்ட் வாளி, கருவிப்பெட்டி, பழைய பேட்டரி எல்லாம் மேலே ஏறும் என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. "யானையே ஏறி நிற்கலாம் சார்" என்றார். முடித்த அன்று பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. வெள்ளை லேமினேட், ஓரத்தில் பளபளவென்று பட்டை, ரசமட்டம் வைத்தால் குமிழி சரியாக நடுவில். மிச்சப் பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கொஞ்ச நாளிலேயே நடு அடுக்கு தொய்ய ஆரம்பித்தது. அப்புறம் ஒரு ராத்திரி மேல் அடுக்கு சுவரைவிட்டுக் கழன்று, கீழே இருந்த இரண்டையும் இழுத்துக்கொண்டு தரைக்கு வந்துவிட்டது. நல்லவேளை, அடியில் யாரும் இல்லை.

காலையில் ஆங்கிள்களைப் பொறுக்கியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. திருகாணியும், அது பிடித்து நிற்கச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளக்குமாகச் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. ஒரு பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் மேல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூள். நுனியில் மட்டும் லேசாகச் செங்கல் சிவப்பு. அளந்ததும் விளங்கிவிட்டது. அவர் போட்டது 25 மி.மீ. திருகாணி. ஆங்கிளின் தடிமன் 3 மி.மீ., சுவர்ப்பூச்சு 20 மி.மீ. ஆக, செங்கல்லுக்குள் போனது வெறும் 2 மி.மீ. மூன்று அடுக்கும் அதன்மேல் ஏற்றிய சுமையும் இத்தனை நாள் பூச்சைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தன. போதாததற்கு ஒன்றிரண்டு துளைகளில் டிரில் ஆடி வாய் பெரிதாகிப் போயிருக்கிறது. அங்கே தீக்குச்சிகளை ஒடித்துப் பிளக்கைச் சுற்றிச் செருகி இறுக்கியிருக்கிறார்! ஆங்கிள் மூடியிருக்கும்வரை யாருக்குத் தெரியும்?

தட்டின் எடை திருகாணியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறோம். மேல் திருகாணியை அது வெளியே இழுக்கவும் செய்கிறது. 40 செ.மீ. ஆழமுள்ள தட்டில் சுமை பரவலாக இருந்தால் அதன் மையம் சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கும். ஆங்கிளின் சுவர்ப்பக்கக் கால் 10 செ.மீ. நீளம்தான் என்றால், மேல் திருகாணிகளின் மேல் விழும் இழுவை சுமையைப்போல் தோராயமாக இரண்டு மடங்கு. கனமான வாளியைத் தட்டின் முன்விளிம்பில் வைத்தால் நான்கு மடங்கு. எங்களுக்கு வந்ததும் அந்தக் குட்டைக்கால் ஆங்கிள்தான், சாய்வுத் தாங்கல்கூட இல்லாதது.

பலகைக்கு வருவோம். விழுந்த வேகத்தில் ஓரப் பட்டை உரிந்திருந்தது. பிளைவுட் என்றால் வெட்டுமுகத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரிய வேண்டும். இங்கே நகத்தால் சுரண்டினாலே பொலபொலவென்று உதிர்ந்தது. மரத்தூளையும் சீவலையும் பசை போட்டு அமுக்கிய பார்ட்டிகிள் போர்டு! மாதிரிக்குக் காட்டிய துண்டு நல்ல பிளைவுட். வந்து இறங்கியது இது. ஒரு சில்லைத் தண்ணீரில் ஊறப்போட்டேன், மறுநாள் உப்பிக் கிடந்தது. ஈரக் காரும் திறந்த கதவுமாக இருக்கும் கேரேஜில் இந்தப் பலகைக்கு வேலையே இல்லை.

இரண்டடி என்று பேசிய ஆங்கிள் இடைவெளியும் நான்கடியாகியிருந்தது. ஆங்கிளில் பாதியை மிச்சம் பிடித்துவிட்டார். ஒரே தடிமன் பலகையில் அடிக்கு இவ்வளவு என்று ஒரே சீராகச் சுமை வைத்தால், இடைவெளி இரட்டிக்கும்போது நடுவில் தொய்வு 16 மடங்காகும். நடு அடுக்கு ஏன் தொய்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

போன் செய்தால் முதல் பதில் "ஓவர் லோடு சார்." இருபது லிட்டர் பெயிண்ட் வாளி 25, 30 கிலோ வரும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா? அடுத்த பதில் "உங்க சுவரே சரியில்ல." அதே சுவரில்தான் பிறகு வேறொரு தச்சர் வந்து வேலை செய்தார். அவர் டிரில் பிடித்தபோது முதலில் சாம்பல் தூள் கொட்டியது, பிறகு சிவப்புத் தூள். சிவப்பு வந்த பிறகும் நன்றாக உள்ளே இறக்கினார். துளையை ஊதிச் சுத்தம் செய்து, பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் உட்காரும்வரை தட்டினார். 25 மி.மீ. மரச்சட்டத்தைச் சுவரோடு நீளவாக்கில் வைத்து 100 மி.மீ. திருகாணியால் முடுக்கி, அதன்மேல் பலகையின் பின்விளிம்பை உட்காரவைத்தார். முன்விளிம்பின் அடியில் இன்னொரு சட்டம், இரண்டடிக்கு ஒரு சாய்வுத் தாங்கல். சுவர் அசையவே இல்லை.

ஆகவே வேலை கொடுக்கிறவர்கள் முதல் துளை போடும்போதே பக்கத்தில் நின்று தூளின் நிறத்தைப் பாருங்கள். செங்கல் சுவரில் நிறம் மாறவில்லை என்றால் டிரில் இன்னும் பூச்சுக்குள்தான் இருக்கிறது. டிரில் திடீரென்று வழுக்கி உள்ளே விழுந்தால் அது உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்த ஹாலோ பிளாக்காக இருக்கலாம். அதற்குச் சாதாரண பிளக் நிற்காது, அதற்கென்றே வரும் ஆங்கர் வேண்டும். ஓரப் பட்டை ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பலகையின் வெட்டுமுகத்தையும் பாருங்கள். திருகாணி நீளம், ஆங்கிள் இடைவெளி இரண்டையும் பேசும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று நழுவுகிறவரை அங்கேயே அனுப்பிவிடலாம். கடைசித் தவணையைச் சாமான் ஏற்றிச் சில வாரம் போன பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அவர் ஒரு சமாதானத்துக்கு வந்தார்: கூலி மட்டும் கொடுத்தால் போதுமாம், அதே துளைகளில் பெரிய பிளக் போட்டு மறுபடி மாட்டித் தருவாராம். இதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. பிடுங்கிய துளையைச் சுற்றிப் பூச்சு விரிசல் விட்டிருக்கும், சில இடத்தில் செங்கல்லிலிருந்தே பிரிந்திருக்கும். விரலால் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும். அங்கே எவ்வளவு பெரிய பிளக் போட்டாலும் பிடிமானம் இல்லை. பொக்கான பூச்சைக் கொத்தி எடுத்துப் பூசிவிட்டு, நல்ல இடமாகப் பார்த்துப் புதுத் துளைதான் போட வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கொடுத்த பணத்தைக் கேட்டால் இன்றைக்கும் "பார்க்கலாம் சார்" என்றுதான் பதில்.