பாலக்காட்டிலிருந்து சென்னைக்கு: ஃபர்ஸ்ட் ஏசியா, செகண்ட் ஏசியா?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துக்காரர்கள் ராத்திரி ரயிலில் நிம்மதியாகத் தூங்க எது நல்லது என்று கேட்கிறார்கள்.

சத்தம்: ஃபர்ஸ்ட் ஏசியில் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளலாம். செகண்ட் ஏசியில் வெறும் திரைச்சீலை. ஈரோட்டில் ஏறுபவர் செல்போன் டார்ச்சோடு பெர்த் எண்ணைத் தேடுவார்; அப்புறம் சீட்டுக்கடியில் பெட்டியைப் பூட்டும் சங்கிலி கலகலக்கும்.

செலவு: ஃபர்ஸ்ட் ஏசி, செகண்ட் ஏசியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இடம்: இங்கேதான் சிக்கல். ஃபர்ஸ்ட் ஏசியில் கிடைப்பது இருவருக்கான சின்ன அறையா (கூபே), நால்வர் கேபினா என்பது சார்ட், அதாவது கடைசிப் பயணிகள் பட்டியல், போடும்போதுதான் முடிவாகும். குறட்டைக்காரர் உள்ளேயே வாய்த்தால் கதவு என்ன செய்யும்? செகண்ட் ஏசியில் 20களில் பெர்த் எண் கிடைத்தால் பெட்டியின் நடுப்பகுதி. கழிவறைக் கதவு அடிக்கிற சத்தம் அவ்வளவாக எட்டாது.

கைக்குழந்தையோடு போகும் தம்பதிக்கு ஃபர்ஸ்ட் ஏசி. தனியாகப் போகிறவருக்கு செகண்ட் ஏசி மேல் பெர்த்தே போதும். பக்கவாட்டு பெர்த் மட்டும் வேண்டாம், நடப்பவரெல்லாம் திரையை உரசிக்கொண்டே போவார்கள்.