சிறிய ரீஃப் தொட்டியில் கோப்பிபாட்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு (ரீஃப் தொட்டி), இறாலுக்கு உறவான மிகச் சிறிய உயிரியான கோப்பிபாட்டைப் பாட்டிலில் வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது லேபிளில் போட்டிருக்கும் எண்ணிக்கையைத்தான். அந்த எண்ணுக்கு நாங்கள் தரும் மதிப்பு குறைவு. ஊற்றி மூன்று மாதம் ஆன பிறகு தொட்டியில் எத்தனை இருக்கின்றன, அவற்றில் முட்டை சுமப்பவை எத்தனை என்று பார்த்தால்தான் போட்ட காசுக்குப் பலன் உண்டா இல்லையா என்று தெரியும். 40 முதல் 80 லிட்டர் வரை உள்ள, தனி ஸம்ப் (ஃபில்டருக்கான வேறொரு தொட்டி) இல்லாமல் பின்பக்க அறைகளிலேயே ஃபில்டர் வைத்த தொட்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். பெரிய தொட்டிக்குச் சொல்லும் யோசனைகளை அப்படியே இங்கே செய்தால் பாதி பலிக்காது.

எதிர்பார்ப்பை முதலில் சரிசெய்துகொள்வது நல்லது. கோப்பிபாட்கள் கண்ணாடியிலும் கல்லிலும் படியும் மெல்லிய பாசிப்படலம், டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசி, மிஞ்சிய தீனியின் துகள், மீன் கழிவு ஆகியவற்றைத் தின்னும். அவற்றின் குஞ்சுகள் பவளங்களுக்கும், பெரியவை மீன்களுக்கும் உணவாகும். நைட்ரேட் இவற்றால் குறையாது. நீளமாக வளர்ந்துவிட்ட முடிப்பாசியையோ, சிவப்புப் போர்வையாகப் படரும் சயனோ பாக்டீரியாவையோ இவை அழிக்காது. அதற்காக வாங்குகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

எந்த இனம் என்பதில் நிறைய இருக்கிறது. கடைகளில் அதிகம் கிடைப்பவை மூன்று: டிக்ரியோபஸ், டிஸ்பி, அபோசைக்ளாப்ஸ். டிக்ரியோபஸ் கலிஃபோர்னிகஸ் செந்நிறமாக, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலை தெறித்துத் தேங்கும் பாறைக் குழிகளில் வாழ்வது. உப்புத்தன்மை ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும், பாட்டிலிலும் நன்றாகப் பிழைக்கும். விற்பவர்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். ஆனால் தொட்டிக்குள் வந்ததும் திறந்த நீரில் துள்ளித் துள்ளி நீந்தும். சிவப்பு நிறமும் அந்தத் துள்ளலும் சேர்ந்து மீன்களை இழுத்துவிடும். குளிர்ந்த நீருக்குப் பழகிய இனம் என்பதால் 26 டிகிரி ரீஃப் தொட்டியில் நிலையாகப் பெருகி நாங்கள் பார்த்ததில்லை. இதை மீன் தீனியாக எண்ணி வாங்குங்கள், குடியேற்றுவதற்காக அல்ல.

டிஸ்பி அதற்கு நேர்மாறு. உருவத்தில் சிறியது, வெளிறிய நிறம், பெரும்பாலும் கல்லின் துளைகளிலும் மணலிலும் ஊர்ந்துகொண்டிருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ ஒன்றரை வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். கழிவுத் துகளையே தின்று வாழக்கூடியது. சிறிய தொட்டிக்கு ஒரே ஒரு இனம்தான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் டிஸ்பி. அபோசைக்ளாப்ஸின் குஞ்சுகள் நீரில் மிதந்து திரியும், பவளங்களின் வாய்க்கு எளிதில் போய்ச் சேரும். டிஸ்பியுடன் இதையும் கலந்து விடுவது நல்ல சேர்க்கை.

எப்போது விடுவது? அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, கல்லிலும் மணலிலும் பழுப்பு நிற டயாட்டம் படரத் தொடங்கும் நேரம்தான் சரியான நேரம். புதுத் தொட்டிக்காரர்கள் அந்தப் பழுப்பைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். டிஸ்பிக்கு அது விருந்து. உலர்ந்த கல்லில் தொடங்கிய தொட்டிகளில்தான் பாட்ஸ் (கோப்பிபாட்கள்) சேர்ப்பதன் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கடலிலிருந்து உயிர்களோடு வந்த கல்லை (லைவ் ராக்) வைத்தவர்களிடம் ஏற்கெனவே ஏதோ ஓர் இனம் இருக்கும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வாங்கினால் செலவு மிச்சம்.

பாட்டில் வந்ததும் செய்ய வேண்டியவற்றில் பலரும் அவசரப்படுகிறார்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். லேசான கடல் வாசனை இருக்கலாம், அழுகிய முட்டை நாற்றம் கூடாது. அரை மணி நேரம் அசையாமல் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். உயிருள்ளவை சுவரிலும் அடியிலும் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடி நிற்கும், மறுபடி ஓடும். அடியில் வெறும் தூசியாகப் படிந்து, கலக்கினாலும் அசையாமல் இருந்தால் இறந்துவிட்டன என்று பொருள்.

பாட்டிலை 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பை அளக்கும் கருவி) அதன் உப்புத்தன்மையைப் பாருங்கள். தொட்டி 1.025 (ஒப்படர்த்தி அளவில்) இருந்து பாட்டில் 1.020 என்றால், ஒரு கிண்ணத்துக்கு மாற்றி, அரை மணி நேரத்தில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் சமன் செய்யுங்கள். வித்தியாசம் 0.002-க்குள் இருந்தால் இது தேவையில்லை.

பல நாள் மூடியிருந்த பாட்டில் நீரில் அமோனியாவும் பாஸ்பேட்டும் சேர்ந்திருக்கும். 200 லிட்டர் தொட்டிக்கு அது பொருட்டல்ல, 40 லிட்டரில் தவிர்ப்பதே மேல். 50 மைக்ரான் சல்லடையில் வடிகட்டுங்கள். சல்லடையின் அடிப்பகுதி உப்பு நீர் உள்ள ஒரு கிண்ணத்தில் மூழ்கியே இருக்க வேண்டும். வெறும் காற்றில் பிடித்து ஊற்றினால் வலையில் ஒட்டி நசுங்கிவிடும், குஞ்சுகள்தான் முதலில் போகும். வடிகட்டி முடித்ததும் காலி பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டிஸ்பி சுவரைப் பற்றிக்கொள்ளும் இனம். தொட்டி நீரைக் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, இரண்டு மூன்று முறை அலசி எடுத்தால் கணிசமாக இன்னும் வெளிவரும்.

விடுவது இரவில்தான். விளக்கு அணைவதற்கு முன் மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி போடுங்கள். அணைந்து ஒரு மணி நேரம் கழித்து நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பையும், அலை எழுப்பும் வேவ்மேக்கரையும் நிறுத்தி, நீளமான பிப்பெட்டால் பாட்ஸை உறிஞ்சி, கற்கள் மணலைத் தொடும் இடுக்குகளில் மெதுவாக விடுங்கள். மேலிருந்து ஊற்றினால் மிதந்து திரிந்து மறுநாள் காலை மீனுக்குப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கைப் பின்பக்க அறையில் விடுங்கள். பம்ப்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்க வேண்டாம், சிறிய தொட்டியில் ஆக்சிஜன் குறையும். கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் அன்று இரவு முழுக்க ஓட வேண்டாம். துகள்களை வடிகட்டும் ஃபில்டர் சாக்கையும் (துணிப்பை) ஃபிளாஸையும் (பஞ்சு) இரண்டு நாள் எடுத்துவிடுங்கள். நீரைக் கிருமி நீக்கும் யூவி விளக்கு இருந்தால் அதையும் மூன்று நாள் அணைத்து வையுங்கள்.

பின்பக்க அறையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சிறிய தொட்டியில் பாட்ஸ் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது மீன் நுழைய முடியாத ஓர் இடம் இருக்கிறதா என்பதே. நடு அறையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள உடைந்த கல் துண்டுகள் தளர்வாக, அவற்றின் மேல் ஒரு கைப்பிடி கீட்டோ பாசி, அதற்கு ஒரு சிறிய விளக்கு. கீட்டோவுக்கு இரவில் விளக்கு எரிந்தால் பிஹெச் அதிகம் இறங்காது. இந்த அமைப்புக்கு ஒரு குறையும் உண்டு: கல் துண்டுகளுக்கிடையே கழிவு சேரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தொட்டி நீரில் கூடையை அலசினால் போதும். அலசிய நீரைக் கொட்டுவதற்கு முன் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள், பாட்ஸ் சுவருக்கு வந்துவிடும், பிப்பெட்டால் எடுத்துத் திரும்ப விடலாம். குழாய் நீரில் கழுவினால் ஒன்றும் மிஞ்சாது.

முதல் இரண்டு மூன்று வாரம் எதுவும் கண்ணில் படாது. அது இயல்புதான், இரண்டாவது பாட்டில் வாங்க ஓடாதீர்கள். நாலு முதல் ஆறு வாரத்தில், விளக்கு அணைந்த பிறகு கண்ணாடியின் கீழ் மூலைகளில் வெள்ளைப் புள்ளிகள் ஓடுவது தெரியும். மூன்றாவது மாத வாக்கில் கண்ணாடி முழுக்கப் புள்ளியாக இருக்கும் ஒரு கட்டம் வரும். டயாட்டம் தீரத் தீர அந்த எண்ணிக்கையும் இறங்கும். தொட்டி ஏதோ கெட்டுவிட்டது என்று இந்த நேரத்தில் பலர் பதறுவார்கள். உணவு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்குத் தானாக அமைந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் வாங்கி வையுங்கள். கண்ணாடியில் நிற்கும் ஒரு பெண் டிஸ்பியைப் பார்த்தால், வாலுக்குக் கீழே ஒரே ஒரு முட்டைப்பை ஒட்டியிருக்கும். அபோசைக்ளாப்ஸுக்கு இடமும் வலமுமாக இரண்டு பைகள். பை சுமப்பவை தொடர்ந்து கண்ணில் பட்டால் இனப்பெருக்கம் நடக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். அசையாமல் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சுருள்கள் பாட்ஸ் அல்ல, குழாய்ப்புழுக்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல், இறால் போல வளைந்து பக்கவாட்டில் ஓடுபவை ஆம்ஃபிபாட்கள். வழுக்கியபடி நகரும் தட்டையானவை தட்டைப்புழுக்கள்.

தீனி விஷயத்தில் அளவு முக்கியம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கும் தொட்டியில் பாட்ஸ் பட்டினி கிடக்கும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கும் தொட்டிகளில் எண்ணிக்கை நிலையாக நிற்கிறது. உயிருள்ள ஃபைட்டோ (நீரில் மிதக்கும் நுண்பாசி) கொடுப்பதானால் 60 லிட்டருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 3 மில்லி என்று தொடங்கி, பாஸ்பேட்டைப் பார்த்துக்கொண்டே 5 முதல் 10 மில்லி வரை போகலாம். ஃபைட்டோ வகைகளில் நானோகுளோராப்சிஸ் மட்டும் கொடுப்பதைவிட ஐசோகிரைசிஸும் டெட்ராசெல்மிஸும் கலந்த ஃபைட்டோ மேல். கொழுப்பு அமிலங்கள் ஒன்றில் குறைவதை இன்னொன்று ஈடுகட்டும். ஃபைட்டோவை ஃபிரிட்ஜில் வைத்துத் தினமும் குலுக்குங்கள். நாற்றம் மாறினால் கொட்டிவிடுங்கள். பின்பக்கக் கண்ணாடியைச் சுரண்டாமல் விட்டுவைப்பதும் செலவில்லாத தீனிதான்.

மீன்களைப் பொறுத்தவரை நாங்கள் கறாராகவே சொல்வோம். மாண்டரின் மீனை இந்த அளவுத் தொட்டியில் வைக்காதீர்கள். பகல் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன் அது. 80 லிட்டரில் பெருகும் பாட்ஸ் சில வாரத்தில் தீர்ந்துவிடும், பிறகு வயிறு ஒட்டிப்போய் மெலிந்து சாகும். மாதம் ஒரு பாட்டில் ஊற்றிச் சமாளிக்கலாம் என்பது மீனைப் பட்டினி போடும் யோசனை. உறைந்த தீனிக்குப் பழகிய மாண்டரின் என்றாலும் தனித் தொட்டியில் தினமும் பலமுறை ஊட்டத் தயாராக இருப்பவர்கள் மட்டுமே யோசிக்கலாம். ஆறுகோட்டு ராஸ், ஸ்கூட்டர் டிராகனெட் ஆகிய மீன்களும் இப்படியே பாட்ஸைத் தின்று தீர்க்கும். கிளவுன் மீன், சின்ன கோபி வகைகள் உள்ள தொட்டிகளில் தொல்லை இல்லை.

வெளியே ஒரு ஜாடியில் தனியாக வளர்ப்பதைக் கட்டாயம் பரிந்துரைக்கிறோம், தொட்டியில் ஏதாவது ஆனால் அதுதான் காப்பு. 5 லிட்டர் ஜாடி, உப்புத்தன்மை 1.022 முதல் 1.025, வெப்பம் 24 முதல் 26 டிகிரி. ஏர் ஸ்டோன் வேண்டாம், நுண்குமிழிகள் குஞ்சுகளை மேலே தூக்கி நிறுத்திவிடும். வெறும் குழாய் முனையிலிருந்து நொடிக்கு ஒன்றிரண்டு பெரிய குமிழி போதும். வெளிர் பச்சை நிறம் வரும்வரை ஃபைட்டோ ஊற்றி, நீர் தெளிந்த பிறகே அடுத்த தீனி. ஜாடி கெட்டுப்போவதற்கு முதல் காரணம் அதிகத் தீனி. அடர்பச்சையாக வைத்திருந்தால் அடியில் அழுகி அமோனியா ஏறும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை 50 மைக்ரான் சல்லடையில் வடித்து, சேர்ந்த பாட்ஸைத் தொட்டிக்கு விட்டு, புது உப்பு நீர் நிரப்புங்கள். இரண்டு ஜாடி வையுங்கள், சல்லடையும் பிப்பெட்டும் தனித்தனியாக. ரோட்டிஃபர் என்ற, வேகமாகப் பெருகும் வேறொரு நுண்ணுயிர் ஒரு ஜாடியில் நுழைந்தால் சில வாரத்தில் அது ரோட்டிஃபர் ஜாடியாகிவிடும்.

மருந்து சேர்க்கும் முன் நிதானம் தேவை. தாமிரம் ரீஃப் தொட்டிக்குள் வரவே கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். அக்ரோபோரா பவளத்தில் ஒட்டும் சிவப்புப் பூச்சியும் ஒரு கோப்பிபாட்தான், டெகாஸ்டஸ் இனம். அதற்குப் போடும் மில்பெமைசின் மருந்து நல்ல பாட்ஸையும் இறாலையும் சேர்த்தே கொல்லும். இறாலை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள். சிகிச்சை முடிந்து, கார்பன் போட்டு, தண்ணீர் மாற்றி, மருந்து முழுக்க வெளியேறிய பிறகு ஜாடியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். முதலில் ஒரு சிறு பங்கை மட்டும் தொட்டி நீர் உள்ள கிண்ணத்தில் விட்டு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மறுநாளும் ஓடிக்கொண்டிருந்தால் மிச்சத்தையும் அன்றிரவே கல் இடுக்குகளில் விடலாம்.