சிங்கப்பூரா, பெர்லினா? மணியையும் கணக்கில் சேர்த்து ஒரு அலசல்

கணவருடைய கம்பெனி மூன்று வருட வேலைக்கு இரண்டு ஊர்களைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டது. அப்போது மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. மூன்றாவதாக மணி. கோவையில் எங்கள் தெருமுனைச் சாக்கடை ஓரத்தில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய். இப்போது 18 கிலோ. மணியை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு நாள் பேச்செடுத்தோம். மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. "நாய்க்கோசரம் நாடு பாக்கறியாடா?" என்று மாமியார் தன் மகனிடம் கேட்டது மட்டும் இன்னும் எங்கள் வீட்டில் நகைச்சுவையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பெர்லின். வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் தங்கை குடும்பம் இருக்கிறது, அங்கே பன்னிரண்டு நாள் தங்கியிருக்கிறேன். ஆனால் நாயோடு அந்த ஊரில் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. சிங்கப்பூரைப் பற்றிச் சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் நல்லதுகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சென்னையிலிருந்து நாலு மணி நேர விமானம். தமிழ் ஆட்சிமொழி. பள்ளியிலேயே தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கலாம். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை கிடைக்கும். பெர்லினில் நேரடி விமானமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். இதெல்லாம் ஒப்பிட்டால் சிங்கப்பூர்தான். மறுக்கவில்லை.

பள்ளி விஷயம் அவ்வளவு நேரானதில்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் இடையில் சேர வேண்டுமானால் ஏ.ஈ.ஐ.எஸ். என்ற தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலம், கணக்கு. அதில் தேறினாலும் இடம் காலியாக இருந்தால்தான் கிடைக்கும். கிடைத்தாலும் என் மகள் அடுத்த வருடமே, தொடக்கப் பள்ளி முடிவில் எல்லோரும் எழுதும் பி.எஸ்.எல்.ஈ. பொதுத்தேர்வை எழுத வேண்டிவரும். தங்கை வீட்டில் அந்தத் தேர்வு நடந்த வருடம் தொலைக்காட்சிக்குத் துணி போட்டு மூடியிருந்தார்கள். தனியார் பன்னாட்டுப் பள்ளி என்றால் அந்தக் கவலை இல்லை, கட்டணக் கவலைதான்.

பெர்லினில் அரசுப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. ஆறாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடும் இலவசம், பிள்ளைகளுக்கு நகரப் போக்குவரத்து அட்டையும் இலவசம். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். பெர்லினில் ஆறு வரை போகும். மகளுக்கு அந்த இரண்டு வருட அவகாசம் கிடைத்தது. ஜெர்மன் தெரியாத பிள்ளைகளை முதலில் 'வில்கொம்மன்ஸ்கிளாஸ்' என்ற வரவேற்பு வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். மகன் ஆறு மாதத்தில் வெளியே வந்துவிட்டான். மகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, கண்ணீரோடுதான். எங்கள் பிள்ளைகள் இருவர் கதையை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையோடு வருபவர் இங்கே வருவதற்கு முன் இருமுறை யோசிக்கட்டும்.

சரி, மணிக்கு வருவோம். முடிவு அங்கேதான் ஆனது.

சிங்கப்பூரில் பெரும்பாலானவர்கள் வாழ்வது வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடியில். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் அனுமதித்த 62 இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாம் சிறிய இனங்கள். லாப்ரடார்கூடப் பட்டியலில் இல்லை, எங்கள் சாக்கடை ஓரத்து மணிக்கு எங்கே இடம்? "அக்கா, நீ காண்டோதான் எடுக்கணும்" என்றாள் தங்கை. தனியார் அடுக்குமாடி வீட்டைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். காண்டோ வாடகையைக் கேட்டு அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சரி, பணம்தானே, சமாளித்துவிடலாம் என்றுகூட நினைத்தோம்.

நிறுத்தியது பணம் இல்லை, பயணம். இந்தியாவிலிருந்து போகும் நாயைச் சிங்கப்பூர் அரசு குறைந்தது 30 நாள் தனிமைப்படுத்தி வைக்கும். போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வீட்டுக்குக் கூட்டிவர முடியாது. மணி, மின்வெட்டு வந்தால்கூட என் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும் நாய். அதையும் ஒரு முறை பொறுத்துக்கொண்டாலும், வேலை நடுவில் முடிந்து ஊருக்குத் திரும்பி, மறுபடி கூப்பிட்டால்? மறுபடி முப்பது நாள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் காத்திருப்பு இதைவிட நீளம், ஆனால் அது நம் வீட்டிலேயே நடக்கிறது. முதலில் மைக்ரோசிப், அதற்குப் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் பயணம். அந்த மூன்று மாதமும் நாய் நம் திண்ணையில் படுத்துக் கிடக்கலாம். போய் இறங்கிய பின் காகிதங்கள் சரியாக இருந்தால் தனிமைப்படுத்தல் இல்லை.

இதில் நாங்கள் பட்ட அடியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கால்நடை மருத்துவர் நல்லவர், ஆனால் ஊசியை முதலில் போட்டுவிட்டு அடுத்த வாரம் சிப் வைத்தார். சிப்புக்கு முன் போட்ட ஊசி செல்லாது. அது எங்களுக்குத் தெரிந்தது ரத்தம் எடுக்கப் போன அன்றைக்கு. மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், அப்புறம் மூன்று மாதம். கணவர் தனியாகப் பெர்லின் போய்ச் சேர்ந்தார். நான் பிள்ளைகளையும் மணியையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ஃபிராங்க்பர்ட் விமானம் ஏறினேன். அரசுக் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் பத்து நாளுக்குத்தான் செல்லும், நாய் போகும் தேதிக்கும் நாயை வளர்ப்பவர் போகும் தேதிக்கும் நடுவே ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கடைசி வாரத்தில் நான் தூங்கவில்லை.

ஆனால் ஒரு முறை பட்ட அந்தப் பாட்டுக்குப் பலன் நீளமானது. அடுத்தடுத்த தடுப்பூசிகளை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் போட்டுவந்தால் அந்த ரத்தப் பரிசோதனை நாயின் ஆயுளுக்கும் செல்லும். இங்கே வந்ததும் மணிக்கு ஒன்றியத்தின் நாய்க் கடவுச்சீட்டு எடுத்து அதில் இதையும் பதிந்துவிட்டோம். ஊருக்குக் கூட்டிப்போய்த் திரும்பினால் மூன்று மாதக் காத்திருப்பு மறுபடி இல்லை.

வந்த பிறகு நாய்ச் செலவு உண்டு. பெர்லினில் முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ நாய் வரி. நாய் பிறருக்குச் சேதம் செய்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். கால்நடை மருத்துவக் கட்டணத்துக்கு நாடு முழுக்கச் சட்டப்படி ஒரு பட்டியல் உண்டு, 2022 நவம்பரில் அதை உயர்த்தினார்கள். காதில் சீழ் வைத்தால் கோவையில் 500 ரூபாயில் முடிந்ததை நினைத்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். வீடு பிடிப்பது இன்னொரு தலைவலி. ஒப்பந்தத்தில் நாயே கூடாது என்று பொதுவாகத் தடை போடுவது செல்லாது என 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு வீட்டுக்கு நூறு பேர் வரிசையில் நிற்கும் ஊரில் வீட்டுக்காரர் நாயில்லாதவரைத் தேர்ந்தெடுத்தால் யாரைக் கேட்பது? எங்களுக்குக் கிடைத்தது லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி. பனிக்காலத்தில் காலை ஆறரைக்கு நாலு மாடி இறங்குவது என் முறை.

மற்றபடி மணிக்கு இது நல்ல ஊர். ரயிலில் வாய்க்கூடும் வாரும் மாட்டிக்கொண்டு எங்களோடு வருகிறது. சிங்கப்பூரின் எம்.ஆர்.டி. நகர ரயிலில் வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய்க்கு இடமில்லை. குருனேவால்ட் காட்டில் ஏரிப் பக்கம் நாய்களை அவிழ்த்துவிடவே ஒரு பெரிய பகுதி இருக்கிறது. மகன் முதலில் கற்ற ஜெர்மன் வாக்கியம் பள்ளியில் கற்றதில்லை. "தார்ஃப் இஷ் ஷ்ட்ரைஷெல்ன்?" தடவிக் கொடுக்கலாமா என்று அர்த்தம். இங்கே பிள்ளைகள் அதைக் கேட்காமல் நாயைத் தொடுவதில்லை.

வீட்டில் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளும் வழக்கம் சிங்கப்பூரில் உண்டு. இருவரும் முழுநேர வேலைக்குப் போகும் குடும்பமாக, நாயும் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருந்தால் எனக்கே அந்தப் பக்கம் மனசு போயிருக்கும். நாட்டு நாய் வைத்திருப்பவர்கள் மட்டும் எந்த ஊர் என்று முடிவு செய்வதற்கு முன்பே சிப்பை வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் ஊசி. எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் மணியின் அடுத்த ஊசித் தேதி சிவப்பு மையில் ஒட்டியிருக்கிறது, பிள்ளைகளின் பரீட்சைத் தேதிக்கு மேலே.