அண்ணாநகரில் கிச்சன் வைத்த ரூம்

உசிலம்பட்டி வீட்டை விற்ற பிறகு, மதுரைக்குப் போனால் எங்கே தங்குவது என்பது எங்கள் குடும்பத்தில் தீராத பஞ்சாயத்து. சித்தப்பா வீட்டில் தங்கினால் அத்தை கோபித்துக்கொள்வார். அத்தை வீட்டில் தங்கலாம் என்றால் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இந்த முறை அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் வேறு. அம்மா இருப்பது கோவையில், அண்ணன் வீட்டில். அங்கேயும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கேயே பார்த்துவிடலாமே என்று அண்ணன் சொன்னதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கண்ணுன்னா மதுரைதான்டா." 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது மதுரையில், மற்ற ஊர்க் கிளைகளெல்லாம் அம்மா கணக்கில் வராது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. போனோம், முடிந்தது, கறுப்புக் கண்ணாடியோடு வந்தோம். நான் சொல்ல வந்தது தங்கின ரூமைப் பற்றி.

அண்ணாநகர், கே.கே.நகர், மாட்டுத்தாவணி சுற்றுவட்டாரத்தில் இப்போது தெருவுக்குத் தெரு சர்வீஸ் அபார்ட்மெண்ட் போர்டு. லாட்ஜுக்கு ஒரு படி மேல், ஹோட்டலுக்கு ஒரு படி கீழ். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பியே நடக்கிறவை இதில் நிறைய. வாரக்கணக்கில் தங்கலாம், ரூமுக்குள்ளேயே கிச்சன், வாஷிங் மெஷின் பொது. டல்லாஸில் உட்கார்ந்துகொண்டே படத்தைப் பார்த்து ஒன்றைப் பிடித்தேன். படத்தில் கிரானைட் மேடை, பளபளவென்று இரண்டு பர்னர் காஸ் அடுப்பு, தொட்டி, மேலே அலமாரி. எனக்கு அந்த அடுப்பு போதும். கடைச் சாப்பாடு அம்மாவுக்கு ஆகாது. சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் வேண்டாம் என்று நர்ஸ் சொல்லுவார், அம்மா கேட்க மாட்டார் என்பது எனக்கு முன்னமே தெரியும். ஆபரேஷன் முடிந்ததும் அடுப்புப் புகைப் பக்கம் அம்மா போகக் கூடாது. ஆக, சமையல் நான்.

அமெரிக்காவில் புராஜெக்ட் மாறும்போதெல்லாம் இந்த மாதிரி மலிவு இடங்களில் நான் நாள் கணக்கில்லாமல் கிடந்திருக்கிறேன். அவை ஒன்றும் அரண்மனை இல்லை. கம்பளத்தில் பழைய சிகரெட் வாடை. தினமும் ரூம் கூட்ட யாரும் வர மாட்டார்கள். பாத்திரம் வேண்டுமென்றால் ரிசப்ஷனில் போய்க் கேட்க வேண்டும்; ஒரு பையில் இரண்டு தட்டு, இரண்டு கரண்டி, ஒரு சட்டி போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் சுருள் அடுப்பைத் திருகினால் சிவக்கும். எந்தச் சட்டியை வைத்தாலும் சுடும்.

இங்கே ரூமுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "புது இடம், முதல்ல பாலைக் காய்ச்சு." வாடகை ரூமுக்கெல்லாம் எதற்கு என்று கேட்டுப் பயனில்லை. கீழே கடையில் ஆவின் பாக்கெட் வாங்கி வந்தேன். மேடையில் படத்தில் பார்த்த அதே காஸ் அடுப்பு இருந்தது. டியூப் இல்லை, சிலிண்டர் இல்லை. அடுப்பின் தலைமேலேயே ஒரு இண்டக்ஷன் அடுப்பைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. எத்தனை குடும்பம் வந்து தங்கிப் போயிருக்கும்! ஒருத்தர்கூட அதில் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அலமாரியில் பாத்திரங்கள் இருந்தன. அலுமினியப் பால் சட்டி, அலுமினியக் குக்கர், அலுமினியத்தில் ஒரு நான்ஸ்டிக் தவா. பாலை ஊற்றி வைத்தேன். பீப். எடுத்து வைத்தேன். பீப். ரிசப்ஷன் தம்பியைக் கூப்பிட்டேன். அந்தப் பையனின் நல்ல மனசைப் பற்றி எனக்குக் குறையே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வந்தான், பார்த்தான்.

"ஸ்டார்ட்டிங்ல அப்டித்தான் சார் இருக்கும்."

பீப்.

"சட்டிக்கு அடியில ஈரம் சார்." துடைத்தான். பீப். "லோ வோல்டேஜ் சார்." சொல்லிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஃபேன் பறந்துகொண்டிருந்தது. பக்கத்து ரூமிலிருந்து இன்னொரு இண்டக்ஷனைத் தூக்கி வந்தான். அதுவும் பீப். கடைசியில், "பால்தான சார், குடுங்க, டீக்கடையில காச்சிட்டு வந்துர்றேன்" என்றான். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, "டீக்கடையில காச்சுனா இந்த வீட்டுல காச்சுன மாதிரி ஆகுமா?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

காரணம் ரொம்பச் சின்னது. இண்டக்ஷனில் காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டும்தான் சுடும். இரும்பு சுடும், அடியில் இரும்பு வைத்த 'இண்டக்ஷன் பாட்டம்' பாத்திரம் சுடும். அலுமினியம், செம்பு, பித்தளை எதுவும் சுடாது. அடுப்பு வாங்கின ஆளும் பாத்திரம் வாங்கின ஆளும் ஒரே ஆள்தான் என்று மேனேஜர் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காஸ் ஏன் இல்லை என்று கேட்டேன். "அது பழைய போட்டோ சார்" என்றார். வீட்டுக்குக் கொடுக்கிற 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை லாட்ஜில் வைக்கக் கூடாது, 19 கிலோ கமர்ஷியல் ரூமுக்கு ஒன்று வைத்தால் கட்டுப்படியாகாது. நியாயம்தான். 5 கிலோ சின்ன சிலிண்டர் நானே வாங்கி வரட்டுமா என்றதற்கு, ரூமுக்குள் சிலிண்டரே கூடாது என்றார். அதுவும் நியாயம்தான். படத்தை மட்டும் ஏன் மாற்றவில்லை என்ற கேள்விக்கு ஒரு சிரிப்பு.

மறுநாள் உழவர் சந்தைக்குப் போனேன். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் திறந்தது இதே அண்ணாநகரில்தான். அப்போது காய் வாங்கப் பை தூக்கிக்கொண்டு அப்பாவோடு வந்திருக்கிறேன். டல்லாஸ் இந்தியன் கடையில் வாடி வதங்கின முருங்கைக்காயை எடை போட்டு, டாலரை ரூபாயாக மாற்றி நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற எனக்கு, இங்கே கத்தரிக்காயைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. பை நிறைய வாங்கி வந்து ஃபிரிட்ஜில் அடுக்கினேன். அடுப்பு அதே பீப்.

அப்புறம் பாத்திரம் வாங்கக் கோயில் பக்கம் போனேன். முன்பென்றால் யோசிக்கவே வேண்டாம், நேரே புது மண்டபம். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே புகுந்து, திருமலை நாயக்கர் கட்டின தூண்களுக்கு இடையில் வளையல், பாத்திரம், புத்தகம் என்று எல்லாம் வாங்கி வரலாம். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்துக்கு அதுதான் நல்லது, தெரியும். இருந்தாலும் கால் பழக்கதோஷத்தில் அங்கேதான் போய் நின்றது. பக்கத்துச் சந்தில் ஒரு பாத்திரக் கடை. வயசான அண்ணாச்சி கல்லாவில். இண்டக்ஷனுக்குச் சட்டி வேண்டும் என்றேன். கல்லாப் பக்கத்தில் சணல் கயிற்றில் ஒரு காந்தம் தொங்கியது, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது. அதைப் பிடித்து எவர்சில்வர் சட்டி ஒவ்வொன்றிலும் தொட்டுக் காட்டினார். வழுக்கிக்கொண்டு விழுந்தது.

"நல்ல எவர்சில்வர்னு நம்ம ஆளுக தேடி வாங்குறது பூராம் ஒட்டாது தம்பி. நிக்கல் சேந்தது."

பிறகு காந்தத்தை இரும்பு தோசைக்கல்லின் பக்கம் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டியது. இழுத்தும் வரவில்லை. "உங்க அப்பத்தா வச்சிருந்த கல்லு. கரண்ட் அடுப்புக்கும் அதுதான் ஆகுது பாருங்க" என்று அவரே சந்தோஷப்பட்டுக்கொண்டார். கல் ஒன்று, அடியில் வட்டமாக இரும்பு பதித்த சட்டி ஒன்று வாங்கினேன். அமெரிக்காவுக்குத் தோசைக்கல் சுமந்து போனதுண்டு. மதுரையில் தங்க மதுரையில் தோசைக்கல் வாங்கினது இதுதான் முதல்.

சரி, தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? சட்டியை வைத்ததும் பீப் இல்லை. எண் ஏறியது, 2000 வாட். அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார். அடுத்த நொடி ரூம் இருட்டு, வராந்தா இருட்டு, எதிர் ரூமில் டிவி அணைந்த சத்தம். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மேடையில் இருந்தது 6 ஆம்பியர் பாயிண்ட். பெரிய பின்னை அதில் சொருக ஒரு கன்வர்ட்டர் மாட்டியிருந்தார்கள். 16 ஆம்பியர் பாயிண்ட் ரூமில் இருந்தது இரண்டே இரண்டு. ஒன்று ஏசிக்கு மேலே, இன்னொன்று கீசருக்குப் பாத்ரூம் வாசலில். சமைக்க வேண்டுமென்றால் பாத்ரூம் வாசலில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். டல்லாஸில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட்தான், கெட்டிலில் தண்ணீர் கொதிக்க ஒரு யுகம் ஆகும், மதுரையில் விசில் அடிக்க அடிக்கக் கொதிக்கும் என்று அங்கே பெருமை பேசித் திரிந்தவன் நான்.

இருட்டில் எதிர் ரூம் கதவைத் திறந்துகொண்டு ஒரு அக்கா வந்தார். "யாரு, இண்டக்ஷன் போட்டியளா?" பரமக்குடிப் பக்கம். வீட்டுக்காரருக்கு வைத்தியம் பார்க்க வந்து மாசக்கணக்கில் அங்கேயே இருக்கிறார். சுவிட்ச் போர்டு எங்கே, எந்தக் குமிழியைத் தூக்கிவிட வேண்டும் என்று ரிசப்ஷனுக்கே அவர்தான் சொல்லிக்கொடுப்பாராம். உள்ளே கூட்டிப்போய்த் தன் அடுப்பங்கரையைக் காட்டினார். ஒரு எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர், அவ்வளவுதான். 700 வாட், கிட்டத்தட்ட 3 ஆம்பியர்தான் இழுக்கும். அதிலேயே சோறு, அதிலேயே பருப்பு, அதிலேயே மீன் குழம்பு. வராந்தா பூராவும் இதுதானாம். இண்டக்ஷனை எல்லோரும் மேடையில் அலங்காரத்துக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

அதைவிட, மாடிப்படிக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. ஊருக்குத் திரும்புகிறவர்கள் வாங்கின சாமானை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். குக்கர், அரிவாள்மனை, ஃபிளாஸ்க், பாதி தீர்ந்த பெருங்காய டப்பா. கூட்டிப் பெருக்குகிற அக்காதான் அதற்குப் பொறுப்பு. யாருக்கு என்ன தேவை என்று பார்த்து எடுத்துக் கொடுப்பார். கையெழுத்துக் கிடையாது, டெபாசிட் கிடையாது. மேனேஜருக்கு இப்படி ஒரு பெட்டி இருப்பது தெரியுமா என்பதே சந்தேகம். எனக்கு ஒரு குக்கர் வந்தது, மூடியில் கைப்பிடி இல்லாதது. உரிமையாளர் காசு செலவழித்துக் கட்டின கிச்சனில் வேகாத பருப்பு அதில் வெந்தது.

தாளிப்புதான் பாக்கி. ரைஸ் குக்கரில் கடுகு வெடிக்க வைக்க எனக்குத் தெரியவில்லை. இண்டக்ஷனை 800 வாட்டுக்கு இறக்கினால் கரண்ட் போகாது, ஆனால் தாளிப்புக் கரண்டி இரும்பாக இருந்தும் வட்டம் சின்னது என்பதால் அடுப்பு அதைப் பாத்திரமாகவே மதிக்கவில்லை. பீப். முதல் ரசம் தாளிக்காமலே இறங்கியது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "நீ சின்னப்பிள்ளைல காய்ச்சல்னு படுத்தப்பகூட நான் இப்படி வச்சுக் குடுத்ததில்ல" என்றார். அடுத்த வேளை தோசைக்கல்லின் நடுவில் நெய் விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் பொரித்து, தோசைத் திருப்பியால் வழித்து ரசத்தில் போட்டேன். பாதிக் கடுகு மேடையில். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி அம்மா ரசத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

பில் போடும்போது ஜிஎஸ்டி 12 சதவீதம் என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22இலிருந்து ஒரு நாளைக்கு 7500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 5 சதவீதம்தானே என்றேன். "சாஃப்ட்வேர் மாத்தல சார்" என்று மேனேஜர் அடித்துத் திருத்தித் தந்தார், முகம் கோணவில்லை. ஆனால் கடைசி வரியில் 'கிச்சன் சார்ஜ்' என்று ஒன்று இருந்தது. எந்தக் கிச்சன் என்று கேட்டேன். கரண்ட்டுக்காம். கரண்ட்டை அணைத்ததுக்கா என்று அம்மா கேட்டதும் ரிசப்ஷன் பையன் திரும்பி நின்று சிரித்தான். பாதியாகக் குறைத்தார். டல்லாஸில் கம்ப்யூட்டர் பில்லில் ஒரு சென்ட் குறைக்க வைத்துப் பாருங்கள்.

சட்டியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தோசைக்கல்லை அம்மா விடவில்லை, அது கோவைக்குப் போய்விட்டது. இன்னொரு கண்ணுக்கும் மதுரையில்தான் தேதி வாங்கியிருக்கிறோம், அதே இடத்தில்தான் தங்குவோம். பரமக்குடி அக்கா இருப்பாரோ இல்லையோ, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூட வேண்டாம், நடந்தே போகலாம். மேடைக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் போடச் சொன்னேன். "நீங்க அடுத்த தடவை வர்றதுக்குள்ள மாத்திருவோம் சார்" என்று மேனேஜர் சொன்னார். சித்தப்பா பையன் வயரிங் வேலை பார்க்கிறவன். அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்குக் கையில் ஒரு டெஸ்டரும் ஒரு காந்தமும் எடுத்துக்கொண்டு போய் ரூமைப் பார்த்துவிட்டு எனக்கு வீடியோ கால் போடச் சொல்லியிருக்கிறேன்.