கிருஷ்ணகிரியில் கிறிஸ்துமஸ் குக்கீஸுக்கு நிறப்பொடி வாங்குவோர் கவனத்துக்கு

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே சுகர் குக்கீஸ் சுட்டு நிற ஐசிங் பூசுகிறவர்கள், லேபிள் இல்லாத பொட்டலங்களில் விற்கப்படும் நிறப்பொடியை எவ்வளவு உறுதி சொல்லிக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கிருஷ்ணகிரி நகரில் பேக்கரிப் பொருள்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையில் எனக்கு நேர்ந்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

எலத்தகிரியில் உறவினர் வீடுகளுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதற்காக நட்சத்திரம், மணி, மரம் என்று வெட்டிய குக்கீஸை ஆண்டுதோறும் செய்து வருகிறேன். இம்முறை வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் வாங்கியபோது சிவப்பு நிறமும் கேட்டேன். பெயரோ தேதியோ அச்சிடப்படாத சிறு பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்கள். உணவில் சேர்க்கும் நிறம்தானா என்று நான் கேட்டதற்கு, "பேக்கரிக்காரங்க எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க அக்கா, பெரிய டப்பாவைப் பிரிச்சுப் போட்டிருக்கோம்" என்றார் கடைக்காரர். அந்தப் பெரிய டப்பாவைக் காட்டச் சொன்னபோது, அது குடோனில் இருக்கிறது என்று பதில் வந்தது.

முட்டை வெள்ளைக்கருவில் சர்க்கரையை அடித்துச் செய்த ஐசிங்கில், பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டுச் சேர்த்த அந்தப் பொடி, நான் எதிர்பார்த்த சிவப்பாக இல்லாமல், வெயிலில் பிடித்தால் கண் கூசும் ரோஸ் நிறமாகப் பரவியது. விரலில் பட்ட கறை சோப்பு போட்டுத் தேய்த்தும் மறுநாள் வரை போகவில்லை. பூசிய குக்கீஸ் எதையும் பிள்ளைகளின் கைக்கு எட்டவிடாமல் அப்புறப்படுத்தினேன். வெண்ணெயும் முட்டையும் ஒரு நாள் உழைப்பும் வீணானதைவிட, அவை பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணமே என்னை இன்னும் வருத்துகிறது.

அது எந்தச் சாயம் என்று நான் சொல்லவில்லை. அதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். ஆனால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்ததற்குக் காரணம், துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் ரோடமின் பி என்ற சாயம் அதில் கண்டறியப்பட்டதுதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அனுமதிக்கப்பட்ட எரித்ரோசினும் ரோஸ் நிறம் தருவதுதான் என்பதால், நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க நம்மால் இயலாது. நமக்கு இருக்கும் ஒரே பிடி லேபிள். இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் டார்ட்ரசின், கார்மோய்சின், பான்சோ 4ஆர் உள்ளிட்ட எட்டு மட்டுமே. அவற்றையும் பிஸ்கட், கேக் போன்றவற்றில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கக் கூடாது. பொட்டலத்தில் இருப்பது என்ன, அதில் சாயம் எவ்வளவு, கலந்த உப்போ சர்க்கரையோ எவ்வளவு என்று தெரியாதவர், நல்ல நிறமாகவே இருந்தாலும் அந்த அளவை எப்படிக் காப்பாற்ற முடியும்? உணவு நிறம் என்ற குறிப்பும் சாயத்தின் பெயரும் இல்லாமல் நிறத்தை விற்பதே விதிமீறல். 14 இலக்க உரிம எண்ணும் உறையில் இருக்க வேண்டும்.

மீதிப் பொடியோடு திரும்பிச் சென்றபோது கடைக்காரர் பணத்தைத் தர மறுத்ததோடு, அந்தப் பொட்டலம் தங்கள் கடையுடையதே அல்ல என்றும் சொன்னார். அவர் தந்த துண்டுச்சீட்டில் "மளிகை" என்ற ஒரு சொல்லும் மொத்தத் தொகையும் மட்டுமே இருந்ததால், என்னால் எதையும் காட்டி வாதாட முடியவில்லை. ஆகவே பொருள் வாரியாகப் பெயரெழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தக் கடையை விட்டு வெளியேறுங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் 9444042322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் பொட்டலத்தின் படத்தோடு புகார் அனுப்பியிருக்கிறேன். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதித்துக்கொள்ளும் உரிமையை வாங்குபவருக்கும் தருகிறது. எனினும் அப்படிச் சோதிக்கப்போகிறோம் என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதால் எனக்கு அந்த வழி இல்லை. அதிகாரி நேரில் சென்று மாதிரி எடுத்தால்தான் உண்டு. ஒருவர் புகாரைவிடப் பலர் புகாருக்கு அந்த நடவடிக்கை விரைவாக வரும் என்று நம்புகிறேன். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கத்தில் கிறிஸ்துமஸ் ஆர்டருக்காக இதே போன்ற பொட்டலம் வாங்கி வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தாமலும் தூக்கிப் போடாமலும், ரசீதோடு பத்திரப்படுத்தி, அதே எண்ணுக்குத் தாங்களும் புகார் அனுப்புங்கள்.