டேட்டாடாக்கா, புரோமீதியஸ் + கிராஃபானாவா?

சென்னை ஓஎம்ஆர்ல சின்ன டீம் வச்சு ஆப் ஓட்டுறவங்க நிறைய பேர், ஆப்பும் சர்வரும் ஒழுங்கா ஓடுதான்னு கண்காணிக்க இதுல எந்த டூல எடுக்குறதுன்னு கேக்குறாங்க, அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

டேட்டாடாக்ல சர்வர்ல ஏஜென்ட்ட (டேட்டா எடுத்து அனுப்புற சின்ன புரோகிராம்) போட்டு ஆரம்பிச்சிடலாம், மெட்ரிக்ஸ் (சிபியு, வேகம் மாதிரி அளவுகள்), லாக் (என்ன நடந்துச்சுங்கிற பதிவு), டிரேஸ் (ஒரு ரிக்வெஸ்ட் எங்கெங்க போச்சுங்கிற தடம்) எல்லாம் ஒரே இடத்துல இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு பேமென்ட் ஸ்லோன்னு அலர்ட் அடிச்சா அந்த கிராஃப்லேர்ந்து அப்படியே டிரேஸுக்குப் போயி எந்த டேட்டாபேஸ் குவெரி இழுக்குதுன்னு பாத்துடலாம், தூக்கக் கலக்கத்துல இருக்குறவனுக்கு இது எவ்ளோ பெரிய உதவி தெரியுமா. ஆனா பில்லு ஹோஸ்ட் (சர்வர்) கணக்குல வரும், லாக்குக்கு தனி, நாமளே சேக்குற கஸ்டம் மெட்ரிக்குக்கு தனி.

புரோமீதியஸ் 2012ல சவுண்ட்கிளவுட்ங்கிற மியூசிக் கம்பெனில ஆரம்பிச்சது, ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் காசு கிடையாது. அதுவே போயி ஒவ்வொரு சர்வீஸோட மெட்ரிக்ஸையும் எடுத்துட்டு வரும், கிராஃபானா அத கிராஃபா காட்டும். லாக்குக்கு லோக்கி, டிரேஸுக்கு டெம்போன்னு நாமதான் தனித்தனியா செட்டப் பண்ணணும். டீஃபால்ட்டா 15 நாள் டேட்டாதான் வச்சிருக்கும், போன தீபாவளி டிராஃபிக்கோட ஒப்பிடணும்னா அந்த நாள் கணக்க செட்டிங்ல கூட்டணும், இல்லன்னா ரொம்ப நாள் டேட்டாவ சேத்து வைக்குற தானோஸ் மாதிரி ஏதாவது சேக்கணும்.

ரெண்டுலயும் உஷாரா இருக்க வேண்டியது, மெட்ரிக்க பிரிச்சுப் பாக்க அதுல ஒட்டுற லேபிள்லதான் (டேட்டாடாக்ல இதுக்கு டேக்னு பேரு). யூசர் ஐடிய லேபிளா போட்டீங்கன்னா ஒவ்வொரு யூசருக்கும் தனி சீரிஸ் (தனி அளவு வரிசை) உருவாகும், புரோமீதியஸ்ல மெமரிய தின்னுடும், டேட்டாடாக்ல பில்லு எகிறிடும்.

இன்ஃப்ரா (சர்வர் வேலை) பாக்க ஆளே இல்லாத டீம்னா டேட்டாடாக், நிறைய சர்வர்ல ஆப்ப ஓட்டிப் பாத்துக்குற குபெர்நெட்டிஸ் நல்லா தெரிஞ்ச ஒருத்தராவது இருந்தா கண்டிப்பா புரோமீதியஸ். எத எடுத்தாலும் கோடுல ஓப்பன்டெலிமெட்ரி (எந்த டூலுக்கும் டேட்டா அனுப்புற பொதுவான லைப்ரரி) போட்டு வைங்க ப்ளீஸ், நாளைக்கு மாறணும்னா கோட திரும்ப எழுதிட்டு உக்காரவேணாம்.